மெய்க்கீர்த்தி சொல்லாத காரணம்

2025 ஜூலை 27, ஆடித் திருவாதிரை. கடாரத்துக்குக் கப்பல் போய் ஆயிரம் வருஷம் ஆனதைக் கொண்டாட கங்கைகொண்டசோழபுரத்துக்குப் பிரதமர் வந்தார். ராஜேந்திரன் பெயரில் நாணயம் வெளியிட்டார். ராஜராஜனுக்கும் அவன் மகனுக்கும் தமிழ்நாட்டில் சிலை வைப்போம் என்றார். அந்த வருஷம் மே மாதம் பாகிஸ்தான் மீது நடத்திய 'ஆபரேஷன் சிந்தூர்' பற்றியும் அதே பேச்சில் பெருமையோடு சொன்னார். மாநில அரசும் சளைத்ததில்லை. அது முன்னமே ஆடித் திருவாதிரையை அரசு விழாவாக்கிவிட்டது. தில்லியும் சென்னையும் எதில் முட்டிக்கொண்டாலும் ராஜேந்திரன் விஷயத்தில் ஒரே குரல்தான். எனக்குப் பயமாக இருப்பது இந்த ஒற்றுமைதான்.

1025இன் கடாரப் படையெடுப்பு நியாயமானதா? பெரம்பலூரில் ஒரு கூட்டத்தில் இதைக் கேட்டபோது நண்பர்கள் கோபித்துக்கொண்டார்கள். "அந்தக் காலத்து அறத்தை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா?" என்றார்கள். நல்ல கேள்வி. ஆனால் அது இருபக்கமும் வெட்டும். அந்தக் காலத்துப் போரை இன்று கண்டிக்க எனக்கு உரிமை இல்லையென்றால், அதற்காக இன்று நெஞ்சு நிமிர்த்த உங்களுக்கு மட்டும் உரிமை எங்கிருந்து வந்தது? பெருமிதமும் ஒரு தீர்ப்புதானே.

முதலில் பிரதியிடமே போவோம். ராஜேந்திரனின் தமிழ் மெய்க்கீர்த்தி கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்ததைச் சொல்கிறது. அள்ளிவந்த யானைகள், பொருட்குவியல், வித்யாதர தோரணம், மணிகள் பதித்த வாயில் எல்லாவற்றையும் கணக்குப்பிள்ளை போலப் பட்டியலிடுகிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம் என்று பதின்மூன்று ஊர்ப் பெயர்களையும் ஒவ்வொன்றின் வளத்தையும் காவலையும் சொல்லிக்கொண்டு போகிறது. சொல்லாதது ஒன்றே ஒன்று: ஏன் போனார்கள் என்பது. கடாரத்தான் என்ன தப்பு செய்தான் என்று ஒரு வார்த்தை கிடையாது.

இந்த மௌனத்தை எழுதியவனின் மறதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. நம் இலக்கணமே இதில் ஒளிவுமறைவு இல்லாமல் பேசியது. தொல்காப்பியம் வஞ்சித் திணைக்கு அடிப்படையாக மண்ணாசையைத்தான் வைக்கிறது. தீராத மண்ணாசை கொண்ட வேந்தனை இன்னொரு வேந்தன் அஞ்சும்படி சென்று அடிப்பது வஞ்சி. பாதுகாப்பு, பதிலடி, அமைதி என்ற சொற்கள் அந்த அகராதியில் இல்லை. கங்கைப் படையெடுப்பைச் சொல்லும் திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதிக்கும் ஒரு நோக்கம்தான் தெரிகிறது. பகீரதன் தவத்தால் கொண்டுவந்த கங்கையைத் தன் தோள்வலியால் கொண்டுவந்து மண்ணைத் தூய்மையாக்க வேண்டும். அதற்காகத் தோற்ற அரசர்கள் தண்ணீர் சுமந்தார்கள். சோழகங்கம் என்ற ஏரி நீராலான வெற்றித்தூண் ஆனது.

அப்படியென்றால் காரணங்களைச் சொன்னது யார்? நாம்தான். நீலகண்ட சாஸ்திரி 1930களில் 'சோழர்கள்' எழுதியபோது இரண்டு ஊகங்கள் வைத்தார். கீழ்த்திசை வணிகத்துக்கு ஸ்ரீவிஜயம் இடைஞ்சல் செய்திருக்கலாம், அல்லது கடல் தாண்டியும் திக்விஜயத்தை நீட்டும் ஆசையாக இருக்கலாம். இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம் என்றார். ஆனால் நம் மேடைகளில் நின்றது முதல் ஊகம்தான். 'தமிழ் வணிகரைக் காக்கப் போன கடற்படை' என்ற கதையாடல் அங்கிருந்து கிளம்புகிறது. ஜார்ஜ் ஸ்பென்சர் 1983இல் கொள்ளைதான் சோழ விரிவாக்கத்தின் இயங்குவிசை என்று எழுதியதை எந்த விழா மலரும் கண்டுகொள்ளவில்லை. இதே ஸ்ரீவிஜய அரசகுலம்தான் நாகப்பட்டினத்தில் சூளாமணிவர்ம விகாரை கட்டியது. அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தான், அந்தக் கொடையை நிலைப்படுத்தியவன் ராஜேந்திரன். அப்புறம் சுமார் இருபது வருஷத்தில் கப்பல் போகிறது. காரணம் வேண்டியிருந்தது அவனுக்கல்ல, நமக்கு.

வரலாறு ஊகித்ததை நாவல் உணர்ச்சியாக்கியது. அகிலனின் 'வேங்கையின் மைந்த'னில் ஈழப் போர், பாண்டியன் அங்கே விட்டுவந்த மணிமுடியை மீட்கும் கடமையாகிறது. எடுக்கப் போனவன் மீட்கப் போனவனாகிவிடுகிறான். தோற்ற மகிந்தனின் மகள் ரோகிணி, வென்ற பக்கத்துக் கொடும்பாளூர் இளங்கோவைக் காதலிக்கிறாள். தோற்ற நாட்டுப் பெண்ணின் காதலே போருக்கு நற்சான்று. 1963இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல் இது. நானும் பள்ளிக்கூட நாட்களில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தவன்தான்.

சிக்கல் இங்கேதான். ஐந்தாம் மகிந்தன் 1017 வாக்கில் பிடிபட்டு, பன்னிரண்டு வருஷம் சோழநாட்டுச் சிறையில் இருந்து செத்தான். விகாரைகள் உடைக்கப்பட்டதையும் பொன் சிலைகள் போனதையும் சூளவம்சம் எழுதிவைத்திருக்கிறது. சிங்களப் பேரினவாதம் அந்தப் பக்கங்களை மறக்கவில்லை, யாரையும் மறக்கவிடவும் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய படையெடுப்பு 2009 முள்ளிவாய்க்காலுக்கு நியாயம் ஆகாது. கடுகளவும் ஆகாது. ஆனால் முள்ளிவாய்க்காலில் இறையாண்மை, பாதுகாப்பு என்று ஓர் அரசு சொன்ன காரணங்களைக் காறித் துப்பிய நாம், நம் பெயரில் ஓர் அரசன் காரணமே சொல்லாமல் செய்ததற்குப் போய்க் காரணம் தேடிக் கொடுக்கிறோம். ஓர் அளவுகோல் அழுவதற்கு, இன்னொன்று கொண்டாடுவதற்கா?

போர் வாசலுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்பதும் இந்த மண்ணுக்குத் தெரியும். பெரம்பலூருக்கு வடக்கே வாலிகண்டபுரம், ரஞ்சன்குடிக் கோட்டை. 1751இல் சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரரும் முகமது அலிக்கு இங்கிலீஷ்காரரும் துணைநின்று மோதிய இடம். கோட்டையின் கில்லேதார் எந்தப் பக்கம் சாய்வது என்று இழுத்தடித்தான். இங்கிலீஷ் படை கலைந்து திருச்சிக்கு ஓடியது. சுற்றுவட்டத்துக் காடுகழனிக்காரன் யார் பக்கம் என்று எந்தத் தளபதியும் கேட்டிருக்க மாட்டான்.

சோழ வெற்றி என்ன ஆயிற்று? மாளிகைமேட்டில் மண்ணுக்குள் செங்கல் வரிசை கிடக்கிறது. கோயில் மதிற்கல் 1836இல் கொள்ளிடத்தின் கீழணைக்குப் போய்விட்டது. சோழகங்கத்தைச் சனங்கள் பொன்னேரி என்கிறார்கள். கரையில் ஆடு மேய்த்த பெரியவரிடம் விழாவைப் பற்றிக் கேட்டேன். "யாரு எங்க சண்டைக்குப் போனா நமக்கென்ன தம்பி, ஏரிய வெட்டி தண்ணி நிறுத்துனா போதும்" என்றார். நீராலான வெற்றித்தூண் அவருக்கு வெறும் ஏரி. சரியான வாசிப்பு அதுதான்.

1990 மார்ச்சில் ஈழத்திலிருந்து திரும்பிய இந்திய அமைதிப்படையைச் சென்னைத் துறைமுகத்தில் வரவேற்க அன்றைய முதல்வர் மு. கருணாநிதி போகவில்லை. தேசத்துரோகம் என்றார்கள். அவருடைய மற்ற அரசியலில் எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனாலும் ஒரு படை தன் நாட்டுப் படை என்பதாலேயே அதற்கு மாலை போடத் தேவையில்லை என்று தமிழ்நாடு காட்டிய நாள் அது.

அடுத்த ஆடித் திருவாதிரைக் கவியரங்கத்துக்கு அழைப்பு வந்திருக்கும் நண்பர்களே, போங்கள், தடுக்கவில்லை. மெய்க்கீர்த்தியின் அந்தப் பதின்மூன்று ஊர்களையும் மேடையில் வாசியுங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். அங்கேயும் வீடு இருந்தது, அடுப்பு எரிந்தது. அதற்கப்புறமும் கைதட்டத் தோன்றினால் தட்டிக்கொள்ளுங்கள்.