நார்த்தோவின் கடைசல் பொறி

உருசிய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில், மன்னர் பீட்டரின் கடைசல் பொறிகள் காக்கப்பட்டு வருகின்றன. காண்போர் கண் முதலிற் செல்வது அவற்றின் மரச் சட்டங்களின் மேல்தான். தூணும் சிற்பமுமாக, ஒரு சிறு மாளிகையின் முகப்பே போல அவை விளங்குகின்றன. 'மன்னராயிருந்தும் தம் கையால் தந்தம் கடைந்தாரே' என வியந்து அப்பால் நகர்வோர் பலர். அவ்வியப்பிற் பிழையில்லை. ஆனால், அப்பொறிகளுட் சிறந்தவற்றை ஆக்கிய ஆந்திரேய் நார்த்தோவை அது மறைத்துவிடுகிறது.

கடைதல் என்னும் நம் சொல் தயிருக்கும் மரத்துக்கும் பொது. கயிற்றை முன்னும் பின்னும் இழுக்க மத்துச் சுழலும். பழைய கடைசற் பட்டறையில் மரமும் அவ்வாறே சுழன்றது. சுழலும் மரத்தின்மேல் உளியைப் பிடித்திருப்பது கடைசற்காரரின் கை. கை தவறினால் வேலை கெட்டது. நார்த்தோவ் அவ்வுளியைக் கையிலிருந்து வாங்கி, பற்சக்கரங்களும் திருகும் நகர்த்தும் உளிதாங்கியில் அமைத்தார். மூல உருவும் தந்தமும் ஒன்றாகச் சுழல, மூலத்தின் மேடுபள்ளங்களை ஒரு முள் தடவிச் செல்லும். அதே அசைவில் உளி தந்தத்தை வெட்டும். இவ்வாறு பிறந்த பதக்கங்களைச் சிற்பம் எனப் பாராட்டுவாருடன் நான் உடன்படேன். அவை படிகளே. மூலத்தைச் செதுக்கியவரே சிற்பி. நார்த்தோவின் கலை பதக்கத்தில் இல்லை. முள்ளையும் உளியையும் இணைத்த அந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

இதைக்கொண்டு, சோவியத் காலத்து நூலாசிரியர் சிலர், உளிதாங்கியை உலகிற்கு முதலில் தந்தவர் நார்த்தோவே என்றும், இங்கிலாந்தின் ஹென்றி மாட்ஸ்லே பெற்ற புகழ் இவருக்கே உரியது என்றும் வாதிட்டனர். இவ்வாதம் நிற்காது. ஏறத்தாழ 1480 ஆம் ஆண்டைச் சேர்ந்த செருமானியக் கையெழுத்துச் சுவடி ஒன்றிலேயே, திருகு வெட்டும் கடைசல் பொறியில் உளிதாங்கி வரையப்பட்டுள்ளது! மாட்ஸ்லேயின் சிறப்பும் உளிதாங்கியைக் கண்டதில் இல்லை. 1800 ஆம் ஆண்டையொட்டி அவர் அமைத்த உலோகப் பொறி, திருகுகளைத் துல்லியமாக வெட்டியது; அத்தகைய திருகுகள் வேறு பொறிகளை ஆக்கத் துணை நின்றன. நார்த்தோவின் பொறியோ அரண்மனையுள் நின்று அழகுப் பொருள் செய்தது. அங்கே பொறி பொறியை ஈனவில்லை.

இது நார்த்தோவின் குறையா? 1718 இல் தொடங்கிய பெரும்பொறி ஒன்றை அவர் 1729 இல்தான் முடித்தார். ஆண்டுகளும் அவர் பெயரும் அப்பொறியிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. மன்னர் 1725 இல் மறைந்துவிட்டார். ஆதரவு தளர்ந்த பின்னும் அவர் கை ஓயவில்லை. தம் பொறிகளையெல்லாம் வரைபடங்களுடன் விளக்கி நூலொன்றும் எழுதி, 1755 அளவில் முடித்தார். மறு ஆண்டு இறந்தார். நூல் அச்சேறவில்லை. அரசவை நூலகத்தில் கிடந்து, இருபதாம் நூற்றாண்டிலேயே ஆராய்ச்சியாளர் கைக்கு வந்தது.

கையெழுத்துப் படியாகவே கிடந்துவிட்ட நூலின் கதியைத் தமிழாசிரியர்க்கு நான் விளக்க வேண்டுவதில்லை. இலண்டனில் ஹோல்ட்சாப்பெல் குடும்பத்தார், அழகுக் கடைசலுக்கென்றே பொறிகள் செய்து விற்றதோடு, 1843 முதல் அத்தொழிலைப் பற்றிப் பெருந்தொகுதிகளும் அச்சிட்டனர். அவற்றைப் படித்து, நூறாண்டு கடந்த அப்பொறிகளை இன்றும் இயக்கிக் கடைவோர் உளர்.