அரைமணி நேர அமைதல்: வெளிப்படுத்தின விசேஷத்தின் எட்டாம் அதிகாரம் பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

கிறிஸ்தவ மறைநூற்றொகுதியின் இறுதி நூலாகிய வெளிப்படுத்தின விசேஷம் ஓசைகளால் நிறைந்தது. இடிமுழக்கமும் எக்காளமும் பெருவெள்ள இரைச்சலும் வானவர் பாடலும் அதன் பக்கந்தோறும் கேட்கின்றன. நான்காம் அதிகாரத்திலே தொடங்கும் துதிப்பாடல் இரவும் பகலும் ஓயாதது என்று நூலாசிரியரே கூறுகின்றார். அத்தகைய நூலில் எட்டாம் அதிகாரத்தின் முதல் வசனம் வியப்புக்குரியது. ஏழாம் முத்திரை உடைக்கப்பட்டதும் வானகம் முழுவதும் ஏறத்தாழ அரைமணி நேரம் ஓசையடங்கி நிற்கின்றது. இவ்வமைதலின் பொருள் யாது, அதற்கும் வேண்டுதலுக்கும் உள்ள தொடர்பு யாது, அதனை அடுத்து வரும் தீர்ப்பு எத்தகையது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சிவனொளிபாதமலையின் அடிவாரத்து நல்லதண்ணியையும் அதனைச் சூழ்ந்த மஸ்கெலியாத் தோட்டங்களையும் வாழிடமாகக் கொண்ட மக்களின் வரலாற்றோடு வைத்து இப்பகுதியை வாசிக்கவும் நாம் முயல்கின்றோம்.

1. பகுதியின் அமைப்பு

இந்நூல் முதல் நூற்றாண்டின் இறுதியில், உரோமப் பேரரசன் தொமீத்தியன் காலத்தில், சின்ன ஆசியாவின் ஏழு திருச்சபைகளுக்கு எழுதப்பட்டதென்பது பெரும்பாலான அறிஞர் கொள்கை. ஆறாம் அதிகாரத்தில் முத்திரைகள் ஒவ்வொன்றாக உடைகின்றன. ஐந்தாம் முத்திரை உடையும்போது, கொல்லப்பட்டோரின் ஆன்மாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து ஓலமிடுகின்றன. நீதி வழங்க இன்னும் எவ்வளவு காலம் என்பதே அவ்வோலத்தின் பொருள். தம் உடன் ஊழியரின் தொகை நிறைவேறும்வரை பொறுத்திருக்குமாறு அவற்றுக்கு விடை கிடைக்கின்றது. ஆறாம் முத்திரையில் உலகம் நடுங்குகின்றது. ஏழாம் அதிகாரத்தில் அழிவு தற்காலிகமாக நிறுத்தப்பட்டு, இறையடியார் நெற்றியில் முத்திரையிடப்படுகின்றது. அதன் பின்னரே அமைதல் வருகின்றது.

எட்டாம் அதிகாரத்தின் முதல் ஆறு வசனங்களின் வரிசை ஊன்றி நோக்கத்தக்கது. முதலில் அமைதல், அடுத்து ஏழு தூதருக்கு எக்காளங்கள் கொடுக்கப்படுகின்றன. ஆயின் அவை உடனே ஊதப்படவில்லை. வேறொரு தூதன் பொற்றூபகலசத்துடன் பலிபீடத்தருகே வருகின்றான். மிகுந்த தூபவர்க்கம் அவனுக்கு அளிக்கப்படுகின்றது. அடியார் எல்லாருடைய வேண்டுதல்களோடும் அதனை அவன் படைக்கின்றான், புகை மேலெழுகின்றது. பின்னர் அதே கலசத்தில் பலிபீடத்து நெருப்பை நிரப்பி அவன் பூமியில் எறிகின்றான். அதன்பின்பே எக்காளத் தூதர் ஊத ஆயத்தமாகின்றனர். எக்காளங்கள் கையிலிருந்தும் காத்திருக்கின்றன. வேண்டுதல் மேலே சென்று சேரும்வரை தீர்ப்பு தொடங்கவில்லை என்பதே இவ்வமைப்புத் தரும் முதன்மைச் செய்தி.

2. உரைகாரர் கொள்கைகள்

இவ்வமைதலுக்குப் பல பொருள்கள் கூறப்பட்டுள்ளன. இந்நூலுக்கு எழுந்த உரைகளுள் இன்று கிடைப்பனவற்றில் மிகப் பழையது பெத்தாவு நகர விக்டோரினுசு எழுதியதாகும். அவர் இதனை நித்திய இளைப்பாறுதலின் தொடக்கம் என்று கொண்டார். எஸ்றாவின் நான்காம் நூலில் உலகம் ஏழு நாள் ஆதி மௌனத்துக்குத் திரும்புவதாகக் கூறப்படுவதைக் காட்டி, இதுவும் புதுப்படைப்புக்கு முந்திய மௌனம் என்பர் சிலர். ஆபகூக், செப்பனியா, சகரியா ஆகிய தீர்க்கதரிசிகள் ஆண்டவர் திருமுன் உலகை வாய்பொத்தி நிற்கப் பணிப்பதைச் சுட்டி, இது தீர்ப்புக்கு முந்திய அச்சம் என்பர் வேறு சிலர்.

நான்காவது கொள்கையொன்று உண்டு. யூதரின் தல்மூது நூலில், வானவர் இரவில் பாடிப் பகலில் ஓய்வது இசரயேலரின் வேண்டுதலுக்கு இடம்விடுவதற்காகவே என்னும் கருத்துக் காணப்படுகின்றது. ஆர். எச். சார்ல்சு 1920இல் வெளியிட்ட தம் விரிவுரையில், அடியாரின் வேண்டுதல் இறைவன் திருமுன் கேட்கப்படுவதற்காகவே வானவர் துதி நிறுத்தப்பட்டது என விளக்கினார். இக்கொள்கையே நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகின்றது. அமைதலின் காரணத்தை மூலநூல் வெளிப்படையாகக் கூறவில்லை என்பது மெய்யே. ஆயினும் அமைதலுக்கும் எக்காள ஒலிக்கும் இடையில் நூலாசிரியர் வைத்த ஒரே நிகழ்ச்சி வேண்டுதல் மேலெழுதலே. ஐந்தாம் அதிகாரத்தில் பொற்கலசங்களிலுள்ள தூபவர்க்கம் அடியாரின் வேண்டுதலே என்று அவரே பொருள் கூறியுள்ளார். லூக்கா எழுதிய நற்செய்தியின் தொடக்கத்தில், ஆலயத்துள் தூபங்காட்டும் வேளையில் மக்கள் வெளியே நின்று வேண்டுவதும் ஒப்புநோக்கத்தக்கது.

அரைமணி நேரம் என்னும் அளவும் பொருளற்றதன்று. அதனைக் குறிக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வரவில்லை. ஏழு என்னும் நிறைவெண்ணையும் அதன் பாதியையும் பேரளவில் ஆளும் இந்நூலில், அரைமணி நேரம் மனிதர் அன்றாடம் உணரும் சிறு அளவாகும். காலங்கடந்த வானகம் மனிதக் காலத்துக்குள் இறங்கி நின்று செவிசாய்க்கின்றது என்று நாம் கொள்ளலாம்.

3. தமிழாக்கமும் சொற்றேர்வும்

தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் முயற்சியால் 1715இல் அச்சேறி நிறைவுற்றது. பப்பிரிசியுசின் புதிய ஏற்பாடு 1772இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையுடன் செய்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. என்றி பவர் தலைமையில் 1871இல் நிறைவெய்திய ஐக்கிய மொழிபெயர்ப்பே சீர்திருத்தச் சபையாரிடையே பெருவழக்குப் பெற்றது.

ஐக்கிய மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் 'அமைதல்' என்னும் தொழிற்பெயரை ஆள்கின்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 'அமைதி' என்கின்றது. இவ்விரண்டும் ஒன்றெனத் தோன்றினும் வேறுபாடுண்டு. அமைதி இன்று சமாதானத்தையும் குறிக்கும் சொல். பூசல் தீர்ந்த நிலையை நினைவூட்டுவது. இங்கோ பூசல் தீரவில்லை. தீர்ப்பு இனித்தான் வரவேண்டும். அமைதல் என்பது ஒரு நிகழ்ச்சியைக் காட்டுவது. ஓசைகள் ஒவ்வொன்றாக அடங்கித் தத்தம் இடத்தில் நிற்பதை அச்சொல் உணர்த்துகின்றது. கடலில் புயல் அடங்கியதை மாற்கு நற்செய்தி கூறுமிடத்திலும் ஐக்கிய மொழிபெயர்ப்பு இதே சொல்லை ஆள்கின்றது. மூலத்தில் அவை வெவ்வேறு சொற்கள். ஆயினும் தமிழில் ஒரு புதிய இயைபு தோன்றிவிடுகின்றது: அங்கே புயலுக்குப் பின் அமைதல், இங்கே புயலுக்கு முன் அமைதல்.

மூன்றாம் எக்காளத்தின்போது விழும் விண்மீனின் பெயர் மற்றொரு சான்று. மூலத்தில் அது ஒருவகைக் கசப்புப் பூண்டு. தமிழாக்கத்தார் அதனை 'எட்டி' என்றனர். எட்டி நம் நாட்டு நச்சு மரம். பிறர்க்கு ஈயாதார் செல்வத்துக்கு எட்டிப் பழத்தை உவமை கூறுவது தமிழ் வழக்கு. ஆகவே நீர்நிலைகள் எட்டியாய்க் கசக்கும் காட்சியைத் தமிழர் வாசிக்கும்போது, ஈகையற்ற செல்வத்தின் மீதான கண்டனமும் அதிலே கலந்துவிடுகின்றது. நல்ல தண்ணீரையே பெயராகக் கொண்ட ஓர் ஊரிலிருந்து இதனை வாசிப்போர்க்கு அக்கசப்பின் கொடுமையை விளக்க வேண்டியதில்லை.

4. தமிழ் மரபில் மௌனமும் தீயும்

சைவ மரபில் மௌனம் உயர்ந்த நிலையாகும். ஆலமர் செல்வர் மௌனத்தாலேயே உபதேசித்தார். தாயுமானவர் மௌனகுருவிடம் தீக்கை பெற்றார். சும்மா இருத்தல் என்பது சொல்லிறந்த நிலையைக் குறிக்கும். அம்மௌனம் ஞானியின் முடிவுநிலை. அதற்குக் கால அளவில்லை. நாம் ஆராயும் அமைதலோ அத்தகையதன்று. அது அளவுபட்டது, முடிவுறுவது, பிறர் குரலுக்கு இடம்விடுவது. முன்னது சொல்லைக் கடந்த மௌனம். பின்னது சொல்லைக் கேட்கும் மௌனம். இவ்வேறுபாட்டை உணராமல் இரண்டையும் ஒன்றாக்குவது இருமரபுக்கும் பொருந்தாது.

தீயின் வகையில் ஒப்புமை மிகுதி. சிலப்பதிகாரத்தில் கண்ணகி முதலில் அரண்மனை வாயிலில் நின்று வழக்குரைக்கின்றாள். அரசன் கேட்கின்றான், தன் பிழை உணர்ந்து உயிர்விடுகின்றான். அதன் பின்னரே மதுரையில் தீ மூள்கின்றது. அத்தீயும் கண்மூடித்தனமானதன்று: அந்தணர், அறவோர், ஆநிரை, கற்புடை மகளிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை அது விலக்க வேண்டுமென அவள் பணிக்கின்றாள். வெளிப்படுத்தின விசேஷத்திலும் அடியார் முத்திரையிடப்படும்வரை நிலமும் கடலும் மரங்களும் சேதப்படுத்தப்படவில்லை. வழக்குக் கேட்கப்படாமல் தீ இல்லை. விலக்குக் கூறப்படாமல் தீ இல்லை. இவ்விரு விதிகளும் இரு நூல்களுக்கும் பொது. ஆயின் கண்ணகியின் தீ அவள் மெய்யிலிருந்தே எழுகின்றது. தூதன் எறியும் தீயோ வேண்டுதல் ஏறிய அதே கலசத்தில் இறங்குகின்றது. ஏழைகளின் வேண்டுதலே தீர்ப்பாக மாறித் திரும்புகின்றது என்பது இப்படிமத்தின் கூர்மை. கொடுங்கோலின் கீழ் அல்லற்படுவோர் கண்ணீரே செல்வத்தைத் தேய்க்கும் கருவியாகும் என்னும் வள்ளுவர் கருத்தும் இதனோடு ஒத்தது.

5. மலையக வாசிப்பு

மலையகத் தோட்டங்களில் கிறிஸ்தவம் ஊன்றியதற்கு 1854இல் தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷன் ஒரு முக்கிய காரணமாகும். அதற்குத் தோட்டத்துரைமார் பொருளுதவி செய்தனர். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த உபதேசியார் லயங்களில் போதித்தனர். டிக்கோயாவில் வார்லி கிறிஸ்து ஆலயம் 1878இல் எழுந்தது. துரையின் பொருளால் நடந்த மிஷனே துரைத்தனத்துக்கு எதிரான நூலையும் தொழிலாளர் கையில் கொடுத்தது. பதினெட்டாம் அதிகாரத்தில் பாபிலோன் வணிகரின் சரக்குப் பட்டியல் வருகின்றது. அதில் இலவங்கப்பட்டையும் தூபவர்க்கமும் உண்டு. பட்டியலின் இறுதியில் மனித உயிர்களும் உண்டு. எட்டாம் அதிகாரத்தில் வேண்டுதலோடு எழுந்த தூபவர்க்கம் ஈண்டு விற்பனைச் சரக்காகிக் கிடப்பது கவனிக்கத்தக்கது. கறுவாவும் கோப்பியும் தேயிலையும் ஏற்றுமதியாகிய இத்தீவில், ஆட்கட்டப்பட்டு வந்தோரின் வழித்தோன்றல்கள் இப்பட்டியலைப் பழங்கதையாக வாசிக்க இயலாது.

தமிழில் 'விண்ணப்பம்' என்னும் சொல் இறைவனிடம் செய்யும் மன்றாட்டையும் அரசினரிடம் கொடுக்கும் மனுவையும் ஒருங்கே குறிக்கும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்தை ஒட்டிய மக்களின் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. 1964இன் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று வகுத்து, 150,000 பேரைப் பின்னைய முடிவுக்கு விட்டது. எஞ்சியோர்க்கான வழியை 2003ஆம் ஆண்டுச் சட்டமே திறந்தது. முதற்சட்டத்திலிருந்து அதுவரை கழிந்தவை ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

பலிபீடத்தின் கீழிருந்த ஆன்மாக்களுக்குத் தொகை நிறைவேறும்வரை பொறுத்திருக்கும்படி சொல்லப்பட்டதை இவ்வெண்களோடு வைத்து நோக்கும்போது, இருவகை எண்ணிக்கை புலனாகின்றது. ஒப்பந்தத்தின் எண்ணிக்கை மக்களைப் பங்கிடுவது, பெயரை எண்ணாக்குவது. மறைநூலின் எண்ணிக்கை ஒருவரும் விடுபடாதிருக்கக் காத்திருப்பது. அவ்வாறே மௌனமும் இருவகைப்படும். கந்தோர் மௌனம் விண்ணப்பத்தைக் கோப்பில் இட்டு மூடுவது. வானக மௌனம் விண்ணப்பத்தைக் கேட்கும்பொருட்டுப் பாடலை நிறுத்துவது. வெளித்தோற்றத்தில் இவ்விரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். காத்திருப்போன் இவற்றை எங்ஙனம் வேறுபிரித்தறிவான் என்பதே இப்பகுதி எழுப்பும் உண்மையான வினா.

அதற்கு நூல் தரும் விடை ஒன்றே: கேட்கும் மௌனத்துக்கு எல்லை உண்டு. அரைமணி நேரம் கழிந்தது, கலசம் இறங்கியது. முடிவில்லாத மௌனத்தைப் பொறுமை என்று போதிப்போர் இவ்வதிகாரத்தை முழுமையாக வாசித்தவராகார்.

6. தீர்ப்புப் பற்றிய தவறான வாசிப்பு

மற்றொரு போக்கும் மறுக்கப்படவேண்டியது. நிலச்சரிவும் வெள்ளமும் நேரும்போது, அவற்றை இறுதிக்காலத் தண்டனை என்று பிரசங்கிக்கும் வழக்கம் எங்கும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. மாண்டோர் ஏழைத் தொழிலாளர். எக்காளக் காட்சிகளை அத்தகையோர் மேல் ஏற்றிக் கூறுவது நூலின் திசையையே தலைகீழாக்குவதாகும். ஆறாம் முத்திரையில் மலைகளை நோக்கித் தம்மை மூடுமாறு வேண்டுவோரின் பட்டியலில் அரசரும் பெருமக்களும் படைத்தலைவரும் செல்வரும் வலியோரும் முன்னிற்கின்றனர். லயத்து மக்களின் இடம் பலிபீடத்தின் கீழே ஓலமிடுவோரிடையில்தான். அவர்களுடைய குரல் தீர்ப்பை வேண்டும் குரல். தீர்ப்புக்கு இலக்கானது அன்று.

தொகுத்து நோக்குமிடத்து, எட்டாம் அதிகாரத்து அமைதல் அச்சத்தின் மௌனமுமன்று, புறக்கணிப்பின் மௌனமுமன்று. எளியோர் வேண்டுதலைக் கேட்பதற்காக வானகம் தன் பாடலையே நிறுத்திக்கொண்ட மௌனமாகும். 'அமைதல்' என்னும் தமிழ்ச்சொல் அதனைச் செவ்வனே ஏந்தி நிற்கின்றது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை 2023இல் நடந்த மலையக மக்களின் நடைபயணம் இருநூறாண்டு வரலாற்றை இந்நாட்டின் முன் மீண்டும் வைத்தது. காணியும் வீடும் முகவரியும் கேட்கும் விண்ணப்பம் இன்னும் புகைந்துகொண்டுதான் இருக்கின்றது. வானவரே பாட்டை நிறுத்திக் கேட்ட குரலைக் கேட்க, நாட்டை ஆள்வோரும் அறிஞரும் திருச்சபையாரும் தத்தம் ஓசையை அரைமணி நேரமேனும் நிறுத்தக் கடமைப்பட்டுள்ளனர் என்பதே இவ்வாய்வால் நாம் பெறும் முடிபாகும்.