கொடும்பாளூர் நிலப்படமும் கோட்டுச்சட்டப் பொருத்தமும்: ஒரு திறனாய்வு

முன்னுரை

சிலப்பதிகாரக் காடுகாண் காதையில் மதுரைக்குச் செல்லும் வழிகள் பிரியுமிடமாகக் கொடும்பை சுட்டப்பெறுகிறது. அதனைக் கொடும்பாளூராகக் கொள்வது அறிஞர் மரபு. இன்று அவ்வழியை வரைய முனையும் ஆய்வாளர், இணைய நிலப்படச் சேவை அனுப்பும் படத்தைப் பின்னணியாக்கி, அதன்மேல் தம் புள்ளிகளைப் பதிக்கின்றனர். படம் பொருந்தித் தோன்றினால் அளவும் சரியாகும் எனக் கொள்ளும் போக்கு ஏற்புடையதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கோட்டுச்சட்டமும் அளவும்

இணையப் படங்களுள் பெரும்பாலானவை வெப் மெர்கேட்டர் கோட்டுச்சட்டத்தில் அமைந்தவை. கொடும்பாளூர் அமைந்துள்ள ஏறத்தாழ 10.5 பாகை வட அட்சத்தில் இச்சட்டம் நீளத்தை 2 விழுக்காடும் பரப்பை 4 விழுக்காடும் அளவில் மிகைப்படுத்தும். எனவே 100 கி.மீ. வழி ஏறத்தாழ 102 கி.மீ. ஆகும். யு.டி.எம். 44 வட மண்டலத்தில் இவ்விடத்துப் பிழை 100 கி.மீ.க்கு 50 மீட்டர் அளவினதே. கியூஜிஐஎஸ் போன்ற மென்பொருள் வெவ்வேறு சட்டத்து அடுக்குகளை உடனுக்குடன் மாற்றிப் பொருத்திக் காட்டும். அப்பொருத்தம் காட்சிக்குரியது, சுற்றுவலயம் வரைதல் போன்ற கணக்கீடு அடுக்கின் சொந்தச் சட்டத்திலேயே நிகழும்.

மூவர் கோயில் எல்லை

பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2010-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. வெப் மெர்கேட்டரில் வரைந்த 100 மீட்டர் வலயம் நிலத்தில் ஏறத்தாழ 98 மீட்டரே. அவ்விரண்டு மீட்டரில் ஒருவரது வீட்டுச் சுவர் அடங்கலாம்.

இதனினும் பெரிது டேட்டம் பிழை. இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தையும் பாலிகோனிக் சட்டத்தையும் சார்ந்தவை. 2005-ஆம் ஆண்டுத் தேசிய நிலப்படக் கொள்கைவழி வந்த திறந்த வரிசைத் தாள்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84-ஐச் சார்ந்தவை. டேட்டம் மாற்றாது இவற்றை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நூறு மீட்டர் அளவில் விலகல் நேரும். தடைப்பகுதி முழுவதும் அப்பிழைக்குள் மறையும்.

அச்சு வரிசை

சேவையின் 1.3.0 பதிப்பில் இ.பி.எஸ்.ஜி. 4326-க்கு அட்சம் முன்னும் தீர்க்கம் பின்னும் வரும், 1.1.1 பதிப்பில் தீர்க்கமே முன். இவ்வரிசை பிறழ்ந்தால் கொடும்பாளூர் ஆர்க்டிக் பகுதியின் ஸ்வால்பார்டு அருகே சென்றமையும். இப்பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும், முன்னவை காட்டிக்கொடா. ஆதலின் அவையே அஞ்சத்தக்கவை.

முடிவுரை

பின்னணிப் படம் பார்வைக்கு, அளவீடு யு.டி.எம். அடுக்கில் என்னும் பிரிப்பு இன்றியமையாதது. கல்வெட்டுக்கு ஆண்டறிக்கை எண் தருவதுபோல், ஆய்வுப்படந்தோறும் கோட்டுச்சட்டம், டேட்டம், சேவைப் பதிப்பு ஆகிய மூன்றையும் குறித்தல் வேண்டும். அவை இல்லாத படத்தின் தொலைவுகளைச் சான்றாகக் கொள்ளல் பொருந்தாது.