கோப்பைக் கணக்கும் பயிற்சியாளரின் பங்கும்

கால்பந்துத் தலைமைப் பயிற்சியாளரை மதிப்பிட முதலில் எண்ணப்படுவது கோப்பைகள். அடுத்துப் பார்க்கப்படுவது வெற்றி விகிதம். இரண்டையும் எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம். வெல்வதற்காகவே ஆடப்படும் ஆட்டத்தில் இவற்றை ஒதுக்கவும் முடியாது. ஆனால் வெற்றியில் பயிற்சியாளரின் பங்கு எவ்வளவு, கிளப்பின் பணபலம் எவ்வளவு என்று இவை பிரித்துக் காட்டுவதில்லை.

இத்தாலியரான கிளாடியோ ரனியேரியை எடுத்துக்கொள்ளலாம். 2014 நவம்பரில் அவர் பயிற்றுவித்த கிரீஸ் தேசிய அணி சொந்த மண்ணில் ஃபாரோ தீவுகளிடம் தோற்றதும் அவர் நீக்கப்பட்டார். முந்தைய பருவத்தில் தரமிறக்கத்திலிருந்து அரும்பாடுபட்டுத் தப்பியிருந்த லெஸ்டர் சிட்டி, 2015-16இல் அவரது பயிற்சியில் 81 புள்ளிகளுடன் பிரீமியர் லீக்கை வென்றது. 2017 பிப்ரவரியில் அதே கிளப் அவரை வெளியேற்றியது. இவ்வளவு குறுகிய காலத்தில் ஒருவரது திறமை இப்படி ஏறி இறங்கியிருக்க முடியாது. இடையில் நடுக்கள வீரர் என்கோலோ கான்டே செல்சிக்குப் போய்விட்டார்; அடுத்த பட்டத்தைச் செல்சி வென்றது. அதற்காக லெஸ்டரின் பட்டத்தை வீரர்களின் கணக்கில் மட்டும் எழுதுவதும் அநியாயம். கைக்கு வந்த அணியைக் கலைக்காமல், முன்கள வீரர் ஜேமி வார்டியின் வேகத்துக்கு ஏற்ற எதிர்த்தாக்குதல் ஆட்டத்தை நம்பிய நிதானம் ரனியேரியுடையது.

ஆகவே, கையிலிருந்த வளத்தைக் கொண்டு ஒருவர் எவ்வளவு சாதித்தார், வீரர்களை எவ்வளவு வளர்த்தார் என்று பார்ப்பதே நியாயமான அளவுகோல். இதிலும் குறை உண்டு. பணக்கார கிளப்பின் பயிற்சியாளர் வென்றாலும் அது எதிர்பார்த்ததுதான் என்றாகிவிடும். வளர்ச்சி கண்ணில் படவும் காலம் பிடிக்கும். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டில் பொறுப்பேற்ற அலெக்ஸ் ஃபெர்குசனுக்கு முதல் கோப்பை 1990இல்தான் கிடைத்தது. அந்தப் பருவத்தில் லீக்கில் அணி பிடித்த இடம் 13. அப்போதே கணக்கை முடித்திருந்தால் அவர் தோல்வியாளர். இளையோர் அணியில் அவர் செய்த முதலீடு பெக்காம், ஸ்கோல்ஸ் போன்றோரின் வழியாகப் பின்னர்தான் பலன் தந்தது.

விட்டுச்சென்றதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2013இல் ஃபெர்குசன் யுனைடெட்டில் தம் 13ஆவது லீக் பட்டத்துடன் ஓய்வுபெற்றார். மறு பருவம் யுனைடெட் ஏழாம் இடத்துக்குச் சரிந்தது. ஃபெர்டினாண்ட், எவ்ரா போன்ற தூண்கள் முப்பதைக் கடந்திருந்தனர். தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் அதே கோடையில் விலகியதால் பழியை ஒருவர்மேல் சுமத்த முடியாது. ஆயினும் முதுமையடைந்த அணியைக் கைமாற்றியது ஃபெர்குசனின் பணியில் உள்ள உண்மையான குறை. அந்த 13 பட்டங்கள் அதை மறைத்துவிடக் கூடாது.