அணைந்த விளக்கும் வற்றிய கிணறும்

மின்சாரத்தைச் சிக்கனப்படுத்திக் கரியமில வாயுவைக் குறைக்க மாநகரங்கள் முயல்வதை நாம் வரவேற்கிறோம். 2007இல் சிட்னியில் தொடங்கிய விளக்கணைக்கும் இயக்கம் கொழும்புக்கும் வந்தது. ஆயினும், அணைந்த விளக்கைப் பாடும் கவிஞர், அவ்விளக்கு எரிந்த வரலாற்றை மறப்பாராயின் அது அரைக் கவிதையே.

அவ்வரலாற்றின் ஒரு பகுதி நமது ஊவாவில் இருக்கிறது. 2024 ஏப்ரலில் திறக்கப்பட்ட 120 மெகாவாட் உமா ஓயாத் திட்டம், நிலக்கரி எரிக்காமலே மின்சாரம் தருகிறது. ஆனால் அதற்கென மலையைக் குடைந்த காலத்தில், 2014 இறுதியில் சுரங்கத்துள் நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. இந்த இழப்பு நகரத்தின் புகைக்கணக்கில் ஏறுவதில்லை. நுரைச்சோலையின் நிலக்கரிப் புகையே மேல் என்பதன்று நமது வாதம். நன்மையை நாடு முழுவதும் பெறும்போது, நட்டத்தை மலையடிவாரத்துக் குடும்பங்கள் மட்டும் சுமப்பது நீதியாகாது என்பதே.

தேநீரின் பின்னே மறைந்துகிடந்த உழைப்பைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ வழியாகச் சி. வி. வேலுப்பிள்ளை உலகறியச் செய்தார். இன்று பூனாகலையிலிருந்து எழுதப் புகும் இளைஞர்களின் பணியும் அதுவே: நகரத்து ஒளியின் பின்னே வற்றிய கிணற்றையும் மக்கள் காணச் செய்தல் வேண்டும்.