எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

2021இன் கடைசியில் எவர்கிராண்ட் என்ற சீனக் கட்டுமான நிறுவனம் கடன் தவணை கட்ட முடியாமல் தடுமாறியபோது, நண்பர் வீட்டு விருந்தொன்றில் நான் அடித்துச் சொன்னேன்: “உள்ளே நெருக்கடி முற்றிவிட்டது. இனி தைவான் மீதுதான் பாய்வார்கள்.” மேசையைச் சுற்றியிருந்த ஏழெட்டுப் பேரும் தலையாட்டினார்கள். வீட்டில் தொல்லை மிகுந்தவன் தெருவில் சண்டைக்கு நிற்பான். அரசுக்கும் அதுதானே புத்தி என்பது எங்கள் எல்லோருடைய எண்ணம்.

அந்த எண்ணத்தை ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்காமல் பல வருடங்கள் சுமந்திருக்கிறேன் என்று எனக்கு உணர்த்தியது, எம். டெய்லர் ஃபிராவெல் எழுதி 2008இல் வெளிவந்த ‘ஸ்ட்ராங் பார்டர்ஸ், செக்யூர் நேஷன்’ என்ற நூல். புதிய புத்தகம் அல்ல. ஆனால் சீனாவைப் பற்றிய நம் விருந்துப் பேச்சு இன்னும் அந்த நூலுக்கு முந்தைய இடத்திலேயே நிற்பதால், இப்போதும் அதைப் பற்றி எழுதலாம்.

ஃபிராவெல் எண்ணிக்கையிலிருந்து தொடங்குகிறார். 1949க்குப் பிறகு சீனாவுக்கு 23 நிலத் தகராறுகள் இருந்தன. அவற்றில் 17இல் சீனா விட்டுக்கொடுக்க முன்வந்தது. ஆறில் படைபலத்தைப் பயன்படுத்தியது. விட்டுக்கொடுத்த காலங்களைப் பார்த்தால்தான் வியப்பு. 1959 மார்ச்சில் லாசாவில் கிளர்ச்சி வெடிக்கிறது. மாபெரும் பாய்ச்சலின் விளைவாகக் கோடிக்கணக்கானோர் பஞ்சத்தில் சாகிறார்கள். அதே ஆண்டுகளில்தான் பர்மா (1960), நேபாளம் (1961), மங்கோலியா (1962), பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் (1963) என்று வரிசையாக எல்லை ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின்றன. அடுத்த அலை 1989 தியானன்மென் படுகொலைக்குப் பிறகு, சின்ஜியாங்கில் அமைதி குலைந்த தொண்ணூறுகளில். தஜிகிஸ்தானிடம் ஏறத்தாழ 28,000 சதுர கிலோமீட்டர் கேட்டுக்கொண்டிருந்த சீனா, 2002இல் சுமார் 1,000 சதுர கிலோமீட்டரோடு திருப்தி அடைந்தது.

உள்ளே ஆட்டம் கண்டபோது சீனா அண்டை வீட்டுக் கதவைத் தட்டிச் சமாதானம் பேசியிருக்கிறது. காரணத்தை ஃபிராவெல் தெளிவாகவே சொல்கிறார். திபெத்தும் சின்ஜியாங்கும் எல்லையோர நிலங்கள். அங்கே கிளர்ந்தவர்களுக்கு அப்பால் இருக்கும் நாடு அடைக்கலமும் ஆயுதமும் தந்தால் பெய்ஜிங்கால் சமாளிக்க முடியாது. ஆகவே அந்த நாட்டுக்கு நிலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அதன் ஒத்துழைப்பை வாங்கிக்கொள்கிறது.

அப்படியானால் 1962? என் பாட்டி அந்த வருடம் ஒரு ஜோடி வளையலைப் பாதுகாப்பு நிதிக்குக் கழற்றிக் கொடுத்தவர். ‘சீனாக்காரன் முதுகில் குத்திவிட்டான்’ என்பதுதான் அவர் எனக்குச் சொல்லித்தந்த முழு வரலாறு. ஃபிராவெலின் கணக்கில் அந்தப் போரும் இதே பயத்திலிருந்து பிறந்தது. 1960 ஏப்ரலில் டெல்லி வந்த சூ என்லாய், கிழக்கில் இந்தியாவின் நிலையை ஏற்று மேற்கில் அக்சாய் சின்னைப் பெறும் ஏற்பாட்டைக் கோடிகாட்டினார். சின்ஜியாங்கையும் திபெத்தையும் இணைக்கும் சாலை அக்சாய் சின் வழியாகத்தான் போகிறது. நேரு ஏற்கவில்லை. பிறகு இந்தியா எல்லையில் காவல் நிலைகளை முன்னே நகர்த்த, தன் பிடி தளர்கிறது என்று பெய்ஜிங் முடிவுக்கு வந்தது. பாட்டியின் வரலாற்றில் திபெத் என்ற சொல்லே இருந்ததில்லை.

இந்த வாதத்தை ஒரு சூத்திரமாக எடுத்துக்கொள்வதும் ஆபத்து. 1958இல் மாவோ கின்மென் தீவு மீது குண்டு பொழியச் செய்ததை, மாபெரும் பாய்ச்சலுக்காக மக்களைத் திரட்டும் தேவையோடு இணைத்து வாசிக்கிறார் தாமஸ் கிறிஸ்டென்சன். அங்கே உள்நாட்டு அரசியல் சமாதானத்தைத் தேடவில்லை, பதற்றத்தைத் தேடியது. 2020இல் பெருந்தொற்றின் நடுவே கல்வானில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். உள்ளே நெருக்கடி இருந்தும் சீனா எல்லையில் இறங்கிவரவில்லை. ஆக, ‘உள்ளே நெருக்கடியா?’ என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த நெருக்கடி, எந்த இடத்தில், அதைத் தீர்க்கத் தலைமைக்கு வேண்டியது அமைதியான எல்லையா, கொதிக்கும் கூட்டமா என்று கேட்க வேண்டும். தைவானிடம் விட்டுக்கொடுக்கும் பேச்சே எழுந்ததில்லை என்பதை ஃபிராவெலே தனியாகப் பிரித்துக் காட்டுகிறார்.

இதுவரை நான் அவருடைய மாணவன். என் மனத்தாங்கல் அவருடைய சொற்களோடுதான். நூல் முழுவதும் திபெத்தியரும் உய்குர்களும் ‘ஆட்சிப் பாதுகாப்புக்கு உள்நாட்டு அச்சுறுத்தல்’ என்ற தொடரின் உள்ளே வருகிறார்கள். என் தொழிலில் மனிதர்களை அட்டவணையின் ஒரு பத்தியாக மாற்றுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். அதன் வசதி எனக்குத் தெரியும். அரசு எப்படிச் சிந்திக்கிறது என்று விளக்க அரசின் கண்ணால் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ‘விட்டுக்கொடுத்தல்’ என்று ஒரு பக்கத்தில் பதிவாகும் விஷயத்துக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. நேபாளத்தின் முஸ்தாங்கிலிருந்து இயங்கிய திபெத்தியக் கெரில்லாக்களின் ஆயுதங்களை 1974இல் நேபாள ராணுவமே களைந்தது. 1996இல் ஷாங்காயில் கூடத் தொடங்கிய ஐந்து நாடுகளின் ஏற்பாடு 2001இல் ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பாக வளர்ந்தபோது, தொடக்கத்திலேயே கையெழுத்தான உடன்படிக்கை பயங்கரவாதம், பிரிவினைவாதம், தீவிரவாதம் மூன்றுக்கும் எதிரானது. கதவு எப்படி மூடப்பட்டது என்று ஃபிராவெல் சொல்கிறார். மூடிய கதவுக்கு உள்ளே அகப்பட்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது அவருடைய கேள்வி அல்ல.

அது நம் கேள்வியாக இருக்கலாம். எல்லையைக் கடந்து வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் வாசிக்கும் இதழ் இது. இரண்டு அரசுகள் கைகுலுக்கும் படத்தைப் பார்த்தால், அந்தக் கைகுலுக்கலுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்கும் பழக்கம் நம்மில் பலருக்கு வாழ்க்கையிலிருந்தே வந்திருக்கிறது. சீனாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் அந்தப் பழக்கத்தை வாசலில் கழற்றிவைத்துவிட்டு, தளபதிகள்போலப் பேசத் தொடங்கிவிடுகிறோம். அன்றைய விருந்தில் நான் பேசியதும் அப்படித்தான்.

அந்த நண்பரின் மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கிறாள். புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டாள்: “சண்டை போடாம நிலத்தை விட்டுக்கொடுத்தது நல்லதுதானே மாமா?”

தஜிகிஸ்தானுக்கு நல்லதுதான் என்றேன். எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த உய்குர்கள் எழுதியதையும் தேடிப் படித்துவிட்டு வா, பிறகு பேசலாம் என்றேன். நானும் இனிமேல்தான் படிக்க வேண்டும்.