வெள்ளைக்காரன் மரமும் துருவ வீரனின் சிலையும்

இலண்டன் மாநகரின் வாட்டர்லூ சதுக்கத்தில் சேர் ஜோன் பிராங்ளின் என்னும் துருவக் கடலோடியின் சிலை நிற்கிறது. 1866இல் நிறுவப்பட்ட அச்சிலையின் பீடம், வடமேற்குக் கடல்வழியைக் கண்டு முடிப்பதில் அவரும் தோழரும் உயிர் நீத்தனர் என்று புகழ்கிறது. 1845இல் புறப்பட்ட அப்பயணத்தில் 129 பேர் மாண்டனர். ஆனால் அவ்வழியை முதன்முதலிற் கப்பலிற் கடந்தவர் நோர்வே நாட்டு அமுண்ட்சென், ஆண்டு 1906.

மாலுமிகள் பட்டினியால் மாண்ட செய்தியை அப்பனிநாட்டின் இனுயிற் மக்கள் 1854இலேயே ஜோன் றே என்பவரிடம் கூறினர். 'நாகரிக' உலகம் அதனை ஏற்கவில்லை. ஏழைகளுக்காகக் கண்ணீர் வடித்த சார்ள்ஸ் டிக்கன்ஸே அம்மக்களின் வாக்கை நம்பலாகாதென எழுதினார். மூழ்கிய இரு கப்பல்களும் 2014இலும் 2016இலும் கண்டுபிடிக்கப்பட்டபோது, அந்த வாய்மொழியே வழிகாட்டியாய் நின்றது. கல் பொய் சொன்னது. கல்லில் இடம்பெறாதோர் மெய் சொன்னார்கள்.

இது எங்கோ பனிநாட்டில் நடந்த கதைதானே என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. நமது திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்தால் மூதூர். புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்னும் கிழக்கிந்தியக் கும்பனிக் கப்பல் செப்பனிடுவதற்காக ஒதுங்கிய கரை அது. 1660இல் கப்பற்றலைவர் றொபேட் நொக்சும், அதே பெயருடைய அவர் மகனும், மாலுமிகளும் கண்டியரசனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டனர். 'வெள்ளைக்காரன் மரம்' எனப்பட்ட மரத்தடியில் 1893இல் நினைவுக்கல் ஒன்று நாட்டப்பட்டது. கப்பற்றலைவர் நொக்ஸ் இங்கே பிடிபட்டார், பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்தார் என்பது அதன் கூற்று. தலைவரோ மறு ஆண்டே காய்ச்சலில் இறந்துபோனார்; பத்தொன்பது ஆண்டுகள் இருந்து 1679இல் தப்பியவர் மகன். தந்தையையும் மகனையும் ஒருவராக்கிய கல், அவர்களோடு பிடிபட்ட மாலுமிகளை அடியோடு மறந்தது. அரச கட்டளைப்படி அக்கைதிகளுக்குச் சோறளித்த ஏழைக் குடியானவர்களை அது எவ்வாறு நினைக்கும்?

இன்னுமொன்று. விடுதலை பெற்ற நொக்ஸ், பின்னர் கும்பனிக் கப்பலுக்குத் தலைவராகி, மடகாஸ்கரிலிருந்து அடிமைகளை ஏற்றச் சென்றார். சிறையின் கொடுமையை 1681இல் நூலாக எழுதிய அதே கை! தனியொருவனின் துன்பத்தை வீரகாவியமாக்கும் நினைவுச்சின்னங்கள் இந்த முரணைப் பேசமாட்டா.

நொக்சின் கல்லைப் பெயர்த்தெறிய வேண்டுமென்பதன்று நமது வாதம். அதே மூதூரில், 2006 ஆகஸ்ட் 4ஆம் நாள், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர் ஊழியர் பதினேழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். சுனாமியால் நலிந்த மக்களுக்கு உதவச் சென்றவர்கள் அவர்கள். ஆணைக்குழு விசாரித்தது, தண்டிக்கப்பட்டவர் ஒருவருமிலர்.

அந்நியக் கப்பற்றலைவன் பிடிபட்ட இடத்தைக் காட்டி மாணவர்க்கு வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள், அதே மண்ணில் வீழ்ந்த அப்பதினேழு பேரையும் அவ்வரலாற்றிற் சேர்க்க வேண்டும். கல்லில் எழுதாத பெயர்களை வகுப்பறையில் உரக்கப் படிப்பதற்கு எந்த அரசின் அனுமதியும் வேண்டியதில்லை.